ரிகோபெர்தா மென்சூ பொய் சொன்னாரா?

கேள்வி இதுதான்: "நோபல் பரிசு பெற்ற மாயா இனப் பெண் ரிகோபெர்தா மென்சூவின் வாழ்க்கை வரலாறு பொய் என்று நிரூபணமாகிவிட்டது என்று படித்தேன். பிறகு ஏன் அவரை இன்னும் உரிமைப் போராளி என்று கொண்டாடுகிறார்கள்?"

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அவருடைய நூலில் சில செய்திகள் நடந்தபடி சொல்லப்படவில்லை. அதை மறுக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆனால் அவருடைய தந்தை, தாய், தம்பி ஆகிய மூவரின் சாவுக்கும் குவாத்தமாலா அரசின் படைகளே காரணம் என்பது நூலை நம்பி நிற்கும் செய்தி அல்ல. நூல் பொய் என்று வாதிடுபவர்களும், நூல் முழுதும் உண்மை என்று வாதிடுபவர்களும் அது வெளிவந்த 1983-ஆம் ஆண்டிலேயே நின்றுவிடுகிறார்கள். மென்சூ செய்த பெரிய காரியம் அதற்குப் பிறகு நடந்தது. "எங்களுக்கு நடந்ததை நம்புங்கள்" என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவர், ஒரு கட்டத்தில் அதை விட்டுவிட்டு நீதிமன்றப் படியேறி வழக்குத் தொடுத்தார். நம்பவோ நம்பாமலிருக்கவோ யாருக்கும் உரிமை உண்டு. நீதிமன்றத்தில் ஆதாரத்துக்குத்தான் பதில் சொல்லியாக வேண்டும். இதை விளங்கவைக்கச் சற்றுப் பின்னால் போக வேண்டும்.

குவாத்தமாலாவின் வடமேற்கில், எல் கீச்சே மாகாணத்தில், உஸ்பந்தான் என்ற சிறு நகரத்துக்கு மேலே மேகம் படியும் மலைக்காட்டில் சிமெல் என்ற ஊர் இருக்கிறது. 1959 ஜனவரி 9 அன்று மென்சூ அங்கே பிறந்தார். தாய்மொழி கீச்சே, மாயா மொழிகளில் ஒன்று. 'பழங்குடி உரிமை' என்று கேட்டதும் காட்டுக்குள் ஒதுங்கி வாழும் சிறு கூட்டம் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டாம். குவாத்தமாலாவின் மக்கள்தொகையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மாயா இனத்தவர். இருபதுக்கும் மேற்பட்ட மாயா மொழிகள் அங்கே பேச்சு வழக்கில் உள்ளன. நாட்டின் சோளத்தையும் காய்கறியையும் விளைவிப்பவர்கள் அவர்கள். ஆனால் அதிகாரம், பட்டா, நீதிமன்றம், ராணுவம் எல்லாம் ஸ்பானிய மொழி பேசும் லதீனோக்களின் கையில் இருந்தன.

இந்த நிலைமைக்குக் காரணம் காபி. 1870-களில் ஆட்சிக்கு வந்த தாராளவாதிகள், ஏற்றுமதிப் பயிருக்கு நிலமும் ஆளும் வேண்டும் என்று மாயா ஊர்களின் பொது நிலங்களைத் தோட்டங்களுக்கு மாற்றிக்கொடுத்தார்கள். ஆள் கிடைக்கச் சட்டத்தின் மூலமே கட்டாய வேலையைக் கொண்டுவந்தார்கள். 1934-இல் வந்த நாடோடித் தடைச் சட்டம், போதிய சொந்த நிலம் இல்லாத உழவன் ஆண்டுக்கு 100 முதல் 150 நாள் வரை தோட்டத்தில் வேலை செய்ததற்குச் சான்றாகக் கையேடு ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்றது. காட்டத் தவறினால் தண்டனை. 1944 புரட்சிக்குப் பிறகு அந்தச் சட்டம் போனது. 1952-இல் ஹாகோபோ ஆர்பென்ஸ் அரசு தரிசாகக் கிடந்த பெருநிலங்களை எடுத்து உழவர்களுக்குப் பகிர்ந்தது. அதில் அமெரிக்காவின் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனியின் நிலமும் போனது. 1954-இல் சி.ஐ.ஏ. ஏற்பாட்டில் ஆர்பென்ஸ் கவிழ்க்கப்பட்டார். பகிர்ந்த நிலம் திரும்பப் பிடுங்கப்பட்டது. 1960-இல் உள்நாட்டுப் போர் தொடங்கியது. அது முடிய 36 ஆண்டுகள் ஆயின. மென்சூ பிறந்தது அந்தப் போரின் வாசலில்.

சிமெல் போன்ற மலையூர்களில் விளையும் சோளம் ஆண்டு முழுவதும் வாயை நிரப்பாது. ஆகவே பல குடும்பங்கள் ஆண்டில் சில மாதங்கள் பசிபிக் கரையோரம் இருந்த காபி, பருத்தி, கரும்புத் தோட்டங்களுக்கு இறங்கிப்போயின. கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்துப் பெயரெழுதிக்கொள்வான். தார்ப்பாய் மூடிய லாரியில் ஆட்கள், குழந்தைகள், கோழி, நாய் எல்லாம் ஒன்றாக ஏற்றப்படுவார்கள். தோட்டத்தில் கொட்டகை, தோட்டத்துக் கடையில் பற்று, கூலி நாளில் பற்றைக் கழித்தால் மிச்சம் கொஞ்சம். பருத்திக் காட்டில் ஆட்கள் நிற்கும்போதே மேலே விமானம் பூச்சிமருந்து தெளித்துக்கொண்டு போகும்.

மென்சூவின் தந்தை விசென்தே கத்தோலிக்க வேதபாடம் சொல்லிக்கொடுப்பவர், ஊரில் மதிப்புள்ளவர். தாய் ஹுவானா தும் மருத்துவச்சி. தந்தையின் வாழ்நாளில் பெரும்பகுதி சிமெல் நிலத்துக்குப் பட்டா வாங்கும் முயற்சியில் போனது. தனக்குத் தெரியாத மொழியில் எழுதிய காகிதங்களைத் தூக்கிக்கொண்டு தலைநகரத்து அலுவலகங்களுக்கு நடையாய் நடந்தார்.

1978-இல் உழவர் ஒற்றுமைக் குழு என்ற அமைப்பு வெளிப்படையாக இயங்கத் தொடங்கியது. மலையின் மாயா உழவரையும் கரையோரத்தின் ஏழை லதீனோத் தொழிலாளரையும் ஒரே சங்கத்தில் சேர்த்தது அதன் புதுமை. அதுவரை இந்த இரு கூட்டத்தையும் ஒருவரையொருவர் வெறுக்க வைத்தே தோட்டங்கள் நடந்தன. தந்தை அதில் சேர்ந்தார்; 1979-இல் மகளும் சேர்ந்தார். இந்தக் குழுவுக்கும், கீச்சே மலைகளில் ஆயுதமேந்தி இயங்கிய 'ஏழைகளின் கெரில்லாப் படை'க்கும் தொடர்பு இருந்தது. மென்சூவின் நூல் இதைப் பட்டும் படாமலும் கடந்துபோகிறது. இந்தக் குறை நியாயமான குறை, பின்னால் வருகிறேன்.

1979-இல் தம்பி பெத்ரோசினியோவை ராணுவத்தினர் பிடித்துக்கொண்டுபோய்ச் சாஹூல் என்ற ஊரில் கொன்றார்கள். வயது பதினாறு. அடுத்த சில மாதங்களில் நடந்தது உலகச் செய்தியானது.

1980 ஜனவரி. கீச்சே மலையிலிருந்து வந்த உழவர்கள் தலைநகரில் அலைந்துகொண்டிருந்தார்கள். ஊரில் ராணுவம் ஆட்களைக் கடத்துகிறது, கொல்கிறது என்று நாடாளுமன்றத்திடம் சொல்லப் பார்த்தார்கள், பத்திரிகைகளிடம் சொல்லப் பார்த்தார்கள். யாரும் காது கொடுக்கவில்லை. ஜனவரி 31 அன்று மாணவர்கள் சிலரோடு சேர்ந்து ஸ்பெயின் தூதரகத்துக்குள் நுழைந்து அதைக் கைப்பற்றினார்கள். தூதர் மாக்சிமோ கஹால் போலீஸை உள்ளே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தூதரகத்துக்குள் அவர் சம்மதிக்காமல் போலீஸ் நுழைவது சர்வதேசச் சட்டத்துக்கு விரோதம். போலீஸ் கேட்கவில்லை, கட்டடத்தைச் சூழ்ந்து கதவுகளை உடைத்து நுழைந்தது. உழவர்களும், மாணவர்களும், தூதரக ஊழியர்களும், விருந்தினராக வந்திருந்தவர்களும் மாடியில் தூதரின் அறைக்குள் அடைபட்டார்கள். அங்கே தீப்பற்றியது. உள்ளே போனவர்களிடம் பெட்ரோல் குண்டுகள் இருந்தன என்பது உண்மை; தீ எப்படித் தொடங்கியது என்று நெடுங்காலம் சர்ச்சை நடந்தது. சர்ச்சைக்கு இடமில்லாதது ஒன்று உண்டு: ஆட்கள் எரியும் கூக்குரல் தெருவரை கேட்டது, கூட்டம் கதறியது, போலீஸ் நின்றுகொண்டிருந்தது. 37 பேர் இறந்தார்கள். விசென்தே மென்சூ அதில் ஒருவர்.

தூதர் தீக்காயங்களோடு தப்பினார். அவரைத் தவிரப் பிழைத்தவர் கிரெகோரியோ யுஹா என்ற உழவர் ஒருவரே. உடல் வெந்து மருத்துவமனையில் கிடந்த அவரை ஆயுதம் தாங்கிய ஆட்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பிணத்தைச் சான் கார்லோஸ் பல்கலைக்கழக வளாகத்தில் போட்டுவிட்டுச் சென்றார்கள். இறுதி ஊர்வல நாளில் மேலும் இரண்டு மாணவர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். ஸ்பெயின் தூதரக உறவைத் துண்டித்தது.

இந்தத் தீ மக்களை அடக்கிவிடவில்லை. இரண்டு வாரத்துக்குள் மாயா தலைவர்கள், மாயா இனங்களில் ஒன்றான கக்சிகேல் மக்களின் பழைய தலைநகரான இஷிம்ச்சேயின் இடிபாடுகளுக்கிடையில் கூடி அறிக்கை வெளியிட்டார்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கரும்பு, பருத்தித் தோட்டங்களில் பல்லாயிரம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள், 1.12 கெட்சாலாக (குவாத்தமாலாவின் நாணயம்) இருந்த குறைந்தபட்ச நாள்கூலியை அரசு 3.20 கெட்சாலாக உயர்த்த வேண்டிவந்தது. உழவர் ஒற்றுமைக் குழு ஈட்டிய பெரிய வெற்றி அது. ஏப்ரலில் மென்சூவின் தாய் கடத்தப்பட்டார். சித்திரவதை செய்து, வன்புணர்ந்து, சாகும்வரை வெளியில் போட்டிருந்தார்கள். உடலை அடக்கம் செய்யக் கூடக் குடும்பத்துக்கு வழி இருக்கவில்லை.

மென்சூ மறைந்து வாழ்ந்தார். 1981-இல் எல்லை தாண்டி மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்துக்குப் போனார். சான் கிறிஸ்தோபல் மறைமாவட்ட ஆயர் சமுவேல் ரூயிஸ் அடைக்கலம் தந்தார். அப்போது அவருக்கு வயது 22.

1982 ஜனவரியில் பாரிஸ் போனார். அங்கே எலிசபெத் புர்கோஸ் என்ற வெனிசுவேலா மானிடவியலாளரின் வீட்டில் ஒரு வாரம் தங்கி, ஒலிநாடாவில் தன் கதையைச் சொன்னார். அவர்கள் இருவரும் நெருங்கியதற்கு அடுப்பங்கரைதான் காரணம் என்று புர்கோஸ் எழுதியிருக்கிறார்; சோள மாவில் ரொட்டி தட்டி, கருப்புப் பயறு வைத்துச் சாப்பிட்டபடி பேசினார்களாம். பேசியது ஸ்பானிய மொழியில். மென்சூ கற்றுக்கொண்ட இரண்டாம் மொழி அது. புர்கோஸ் தன் கேள்விகளை நீக்கி, நாடாக்களை வரிசைப்படுத்தி, ஒரே தொடர்ச்சியான பேச்சாக ஆக்கினார். 1983-இல் நூல் வெளிவந்தது. அட்டையில் ஆசிரியர் பெயர் புர்கோஸ். உரிமையும் அவருடையது. பின்னாளில் இதனால் இருவருக்கும் மனக்கசப்பு வந்தது. பிழைகளை எடைபோடும்போது இந்த நூல் உருவான விதத்தை மறக்கக் கூடாது: பெற்றோரை இழந்து இரண்டு ஆண்டு ஆகாத, இருபத்துமூன்று வயதுப் பெண், தன் இயக்கத்துக்கு உலகின் ஆதரவு தேட அனுப்பப்பட்ட நேரத்தில், அந்நிய மொழியில் ஒரு வாரம் பேசியது இது. எல்லாவற்றையும் தான் சொல்லவில்லை, சொல்லக் கூடாததை மறைத்தே வைத்திருக்கிறேன் என்று நூலிலேயே அவர் சொல்கிறார்.

பாரிஸில் நாடா ஓடிய அந்த ஆண்டுதான் குவாத்தமாலாவின் மிகக் கொடிய ஆண்டு. 1982 மார்ச் 23 அன்று எஃப்ரயின் ரியோஸ் மொண்ட் என்ற தளபதி ஆட்சியைப் பிடித்தார். கெரில்லாக்களுக்குச் சோறு போடும் மக்களே இல்லாமல் செய்துவிட்டால் கெரில்லா இல்லை என்பது ராணுவத்தின் கணக்கு. ஊர்களைச் சுற்றி வளைத்தார்கள், ஆண்களையும் பெண்களையும் பிரித்தார்கள், கொன்றார்கள், வீட்டையும் சோளக்கொல்லையையும் கொளுத்தினார்கள். தப்பியவர்களை 'சிவில் ரோந்துப் படை' என்ற பெயரில் சேர்த்து, அண்டை ஊரைத் தாக்கக் கட்டாயப்படுத்தினார்கள். கொன்றவரும் கொல்லப்பட்டவரின் பிள்ளையும் இன்றுவரை ஒரே தெருவில் வாழும் ஊர்கள் அங்கே பல இருப்பதற்கு இதுவே காரணம்.

வெளிநாட்டில் மென்சூ செய்த வேலை கண்ணுக்குத் தெரியாத வேலை. ஐ.நா.வில் பழங்குடி மக்களுக்கான பணிக்குழு 1982-இல்தான் உருவானது. ஜெனீவாவின் தாழ்வாரங்களில், கையால் நெய்த உவீபில் சட்டையோடு, ஒவ்வொரு நாட்டுப் பிரதிநிதியையும் நிறுத்தி நிறுத்திப் பேசினார். அரசுகளுக்கு இடையிலான அந்த மன்றத்தில் அவருக்கு எந்தப் பதவியும் கிடையாது. 1988 ஏப்ரலில் நாடு திரும்பிப் பார்த்தார். விமான நிலையத்திலேயே கைது செய்தார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். வெளிநாடுகளும் குரல் கொடுத்ததால் விடுவித்தார்கள்.

1992, கொலம்பஸ் வந்து 500 ஆண்டு. ஸ்பெயினும் அமெரிக்க நாடுகளும் விழாவுக்கு ஆயத்தம் செய்தன. பழங்குடி அமைப்புகள் அதற்கு முந்தைய ஆண்டே குவாத்தமாலாவின் கெட்சால்தெனாங்கோ நகரில் கூடி, இது கொண்டாட்டம் அல்ல, 500 ஆண்டு எதிர்ப்பு என்று அறிவித்திருந்தன. அந்த அக்டோபரில் நோபல் அமைதிப் பரிசு மென்சூவுக்கு அறிவிக்கப்பட்டது. வயது 33. பரிசுப் பணத்தில் அறக்கட்டளை அமைத்தார். பதக்கத்தைத் தன் நாட்டில் வைக்கும் நிலைமை வரும்வரை என்று மெக்சிகோ நகரின் பெருங்கோயில் அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தார்.

இனி அந்தச் சர்ச்சை. டேவிட் ஸ்டோல் என்ற அமெரிக்க மானிடவியலாளர் உஸ்பந்தான் பகுதியில் பல ஆண்டுகள் விசாரித்து 1999-இல் நூல் வெளியிட்டார். 1998 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் தன் நிருபரை அனுப்பி அவர் சொன்னவற்றில் பலவற்றை உறுதிப்படுத்தியது. முக்கியமானவை மூன்று. பள்ளிக்கே போனதில்லை என்று மென்சூ சொன்னார். ஆனால் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதிப் பள்ளியில் இருந்திருக்கிறார். தந்தையின் நிலத் தகராறு லதீனோ நிலக்கிழார்களோடு என்று சொன்னார். பெரும்பகுதி தாய்வழி உறவினரான தும் குடும்பத்தாரோடு நடந்தது. தம்பியை ஊர்ச் சதுக்கத்தில் உயிரோடு எரித்ததைக் கண்ணால் கண்டதாகச் சொன்னார். அவர் அங்கே இருக்கவில்லை, எரித்தார்கள் என்பதையும் சாஹூல் மக்கள் உறுதிப்படுத்தவில்லை.

இவற்றில் பள்ளி விஷயம் எனக்குச் சிறியது. விடுதியில் வேலைக்காரியாக இருந்துகொண்டே படித்ததாகவும், போர்க் காலத்தில் அந்தக் கன்னியாஸ்திரிகளைக் காட்டிக்கொடுக்க விரும்பவில்லை என்றும் அவர் பிறகு விளக்கினார், ஏற்கலாம். நிலத் தகராறு சிறியதல்ல. மாயாவுக்கும் மாயாவுக்கும் இடையிலான சண்டையை மறைத்து, நல்லவன் ஒரு பக்கம் கெட்டவன் மறுபக்கம் என்று சொன்னது, மலையூர்களின் உண்மையான சிக்கலை வெளியுலகத்துக்கு மறைத்துவிட்டது. நிலம் போதாத ஊரில் உறவினர்கள் அடித்துக்கொள்வதற்கும் அதே தோட்ட வரலாறுதான் வேர் என்பது என் கருத்து. அதை அப்படியே சொல்லியிருந்தால் அவருடைய வாதம் வலுத்திருக்கும். தம்பியின் சாவு விஷயத்தில், தன் அனுபவத்தோடு தன் சமூகத்தின் அனுபவத்தையும் சேர்த்தே சொன்னதாக அவர் பின்னர் கூறினார். வாய்மொழி மரபில் அது இயல்பு என்று பலர் வாதாடுகிறார்கள். எனக்கு அந்த வாதம் முழுத் திருப்தி தரவில்லை. "நான் பார்த்தேன்" என்று சொன்னால் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் ஸ்டோல் என்ன சொல்லவில்லை என்பதையும் பாருங்கள். பெற்றோரும் தம்பியும் கொல்லப்படவில்லை என்று அவர் சொல்லவில்லை. பரிசைத் திரும்பப் பெற வேண்டும் என்றும் கேட்கவில்லை. நூலை மட்டும் வைத்துப் பரிசு தரவில்லை என்று நோபல் குழுவும் விளக்கிவிட்டது. ஸ்டோலின் அடிப்படை வாதம் வேறு: உழவர்கள் கெரில்லாக்களை விரும்பி அழைக்கவில்லை, கெரில்லா வந்ததால் ராணுவம் வந்தது, மக்கள் இரண்டு துப்பாக்கிகளுக்கு நடுவில் சிக்கினார்கள் என்பது. இது பொருட்படுத்த வேண்டிய வாதம். மென்சூவின் நூல் கெரில்லாத் தொடர்பை மழுப்புவதால், இதற்கு அந்த நூலில் பதில் கிடைக்காது.

பதில் வேறிடத்திலிருந்து வந்தது. 1999 பிப்ரவரி 25 அன்று, ஐ.நா. ஆதரவில் அமைந்த வரலாற்றுத் தெளிவு ஆணைக்குழு தன் அறிக்கையை வெளியிட்டது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டோ காணாமல் ஆக்கப்பட்டோ இருக்கலாம் என்று கணித்தது. அடையாளம் காணப்பட்டவர்களில் 83 விழுக்காட்டினர் மாயா. பதிவான மீறல்களில் 93 விழுக்காடு அரசுப் படைகளும் அவற்றோடு சேர்ந்த குழுக்களும் செய்தவை. கெரில்லாக்கள் செய்தவை 3 விழுக்காடு. அரசுத் தரப்பு நடத்திய கூட்டுப் படுகொலைகள் 626. நான்கு பகுதிகளில் மாயா மக்கள் மீது இன அழிப்புச் செயல்கள் நடந்தன என்று ஆணைக்குழு முடிவு செய்தது. இரண்டு துப்பாக்கிகள் இருந்தன, சரி. எந்தத் துப்பாக்கி எவ்வளவு சுட்டது என்பதுதான் கேள்வி. ஸ்டோல் சர்ச்சை வெடித்து மூன்று மாதம் ஆவதற்குள் வந்த அறிக்கை இது. ஆனாலும் பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் ஒரு பெண்ணின் நினைவுப் பிழைகளுக்குக் கிடைத்த நேரம் இந்த 626-க்குக் கிடைக்கவில்லை. எனக்கு இதில் தீராத கோபம் உண்டு.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று மென்சூ மாட்ரிட் நகரில் ஸ்பெயினின் தேசிய நீதிமன்றத்தில் புகார் கொடுத்தார். ரியோஸ் மொண்ட் உட்பட முன்னாள் ராணுவ, காவல் தலைவர்கள் மீது இன அழிப்பு, சித்திரவதை, பயங்கரவாதக் குற்றச்சாட்டுகள். தூதரகத் தீ, ஸ்பானியப் பாதிரியார்கள் கொலை, தன் குடும்பத்தாரின் கொலை எல்லாம் அதில் அடக்கம். சொந்த நாட்டில் ரியோஸ் மொண்ட் அப்போது கட்சித் தலைவர். சில வாரங்களில் நாடாளுமன்றத் தலைவராகவும் ஆனார். அங்கே வழக்கு நடக்க வழியே இல்லை. ஸ்பெயினிலும் எளிதாக நடக்கவில்லை. ஸ்பானியர் பாதிக்கப்பட்ட பகுதியை மட்டும் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003-இல் சுருக்கியது. 2005-இல் அரசமைப்பு நீதிமன்றம் அதைத் தள்ளி, இன அழிப்பை எந்த நாட்டவருக்கு நடந்திருந்தாலும் விசாரிக்கலாம் என்றது. 2006-இல் நீதிபதி சாந்தியாகோ பெத்ராஸ் பிடியாணைகள் பிறப்பித்தார். குவாத்தமாலா ஒப்படைக்க மறுத்தது. ஆகவே தோல்வி என்று சிலர் எழுதினார்கள். அது தவறான கணிப்பு. சாட்சிகள் மாட்ரிட் வந்து சொன்ன வாக்குமூலங்களும், அங்கே சமர்ப்பிக்கப்பட்ட ராணுவத்தின் சொந்த ஆவணங்களும் அந்த ஆண்டுகளில் திரண்டன.

2013-இல் குவாத்தமாலாவின் சொந்த நீதிமன்றத்திலேயே ரியோஸ் மொண்ட் நின்றார். அந்த வழக்கை மென்சூவின் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது இஷீல் என்ற மாயா இன மக்களின் வழக்கு, அவர்கள் பத்தாண்டுக்கு மேல் தங்கள் சங்கத்தின் மூலம் நடத்தியது. 1,771 இஷீல் மக்களின் கொலைக்காக, மே 10 அன்று, நீதிபதி யஸ்மின் பாரியோஸ் தலைமையிலான அமர்வு 80 ஆண்டு தண்டனை விதித்தது. தன் நாட்டின் நீதிமன்றத்திலேயே இன அழிப்புக் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்ற முதல் முன்னாள் ஆட்சித் தலைவர் அவர். பத்தே நாளில் அரசமைப்பு நீதிமன்றம் நடைமுறைக் காரணம் சொல்லித் தீர்ப்பை ரத்து செய்தது. மறுவிசாரணை முடியாமலே 2018-இல் அவர் இறந்தார்.

மென்சூவே வாதியாக நின்ற வழக்கு தூதரக வழக்கு. 2014 அக்டோபரில் விசாரணை தொடங்கியது. குற்றவாளிக் கூண்டில் பெத்ரோ கார்சியா அரெதொண்டோ, அந்நாளில் தேசியப் போலீஸின் ஆறாம் பிரிவுக்குத் தலைவர். 2015 ஜனவரி 19 அன்று, அதாவது தந்தை எரிந்து 35 ஆண்டு நிறைய இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கையில், கொலைக்கும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றத்துக்கும் 40 ஆண்டு, இறுதி ஊர்வலத்தில் கொல்லப்பட்ட இரு மாணவர்களுக்காக 50 ஆண்டு, ஆக 90 ஆண்டு தண்டனை. விசென்தே மென்சூவின் சாவைப் பற்றி இனி மகளின் நூலை நம்ப வேண்டியதில்லை. தீர்ப்பைப் படித்தால் போதும்.

இடையில் இன்னொரு வழக்கும் உண்டு. சிறியது, ஆனால் அவருடைய அன்றாடத்தைக் காட்டுவது. 2003 அக்டோபரில், ரியோஸ் மொண்ட் அதிபர் தேர்தலில் நிற்பதை எதிர்த்து மென்சூ அரசமைப்பு நீதிமன்றத்துக்குப் போனார். தளபதியின் கட்சிக்காரர்கள் அவரைச் சூழ்ந்து, 'இந்தியக்காரி (அங்கே பழங்குடியினரை ஏசும் சொல்), சந்தைக்குப் போய்த் தக்காளி விற்கப் போ' என்ற ரீதியில் கூச்சலிட்டுத் தள்ளினார்கள். நோபல் பரிசு பெற்றுப் பதினோரு ஆண்டு ஆன பெண்ணுக்கு, நீதிமன்ற வளாகத்துக்குள் இந்த மரியாதை. அவர் வழக்குப் போட்டார். 2005-இல் ஐந்து பேர் தண்டனை பெற்றார்கள். இனப் பாகுபாட்டுக்காகக் குவாத்தமாலாவில் வந்த முதல் தண்டனை.

தேர்தல் அரசியலில் அவர் தோற்றார். 2007, 2011 இரண்டு அதிபர் தேர்தல்களிலும் கிடைத்தது ஏறக்குறைய 3 விழுக்காடு. மாயா மக்களே வாக்களிக்கவில்லையே என்று கேட்பார்கள். மாயா என்பது ஒரே வாக்கு வங்கி அல்ல. மொழியும் ஊரும் சபையும் அவர்களைப் பல துண்டுகளாக வைத்திருக்கின்றன. உலகத் தலைநகரங்களில் அறியப்பட்ட அளவுக்கு அவர் உள்ளூர்ச் சந்தைகளில் வேரூன்றவில்லை. 2004-க்குப் பின் அரசோடு சேர்ந்து அமைதி ஒப்பந்தத் தூதராக இயங்கியதும் மலிவு விலை மருந்துக் கடைத் தொழிலில் ஈடுபட்டதும் பழைய தோழர்கள் சிலரை விலக்கின. சட்டத்தின் வழி வந்த தோல்வி இன்னும் பெரியது: 1996 அமைதி ஒப்பந்தத்தின்படி பழங்குடி உரிமைகளை அரசமைப்பில் சேர்க்க 1999 மே மாதம் நடந்த வாக்கெடுப்பில், வாக்காளர்களில் ஐந்தில் ஒரு பங்கினர்கூட வராத நிலையில், திருத்தங்கள் நிராகரிக்கப்பட்டன.

மென்சூவை மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள் என்பதும் என் வேண்டுகோள். ரொசாலினா துயுக் என்ற கக்சிகேல் பெண்ணின் தந்தையையும் கணவரையும் ராணுவம் கொண்டுபோனது. அவர் 1988-இல் கணவரை இழந்த பெண்களைத் திரட்டிக் கோனவிகுவா என்ற அமைப்பை நிறுவினார். பிள்ளைகளைக் கட்டாயமாகப் படையில் சேர்ப்பதை எதிர்த்தார். ராணுவ முகாம் இருந்த இடங்களைத் தோண்டி எலும்புகளை எடுக்கப் போராடினார். 2016-இல் செபூர் சார்கோ வழக்கில் கெக்சி என்ற மாயா இன மூதாட்டிகள் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு நீதிமன்றத்தில் உட்கார்ந்து, தங்களைப் பாலியல் அடிமைகளாக வைத்திருந்தவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னார்கள். ஒருவருக்கு 120, மற்றவருக்கு 240 ஆண்டு தண்டனை கிடைத்தது. 2023 அக்டோபரில் தேர்தல் முடிவைக் காக்கத் தொத்தோனிகாபான் பகுதியின் மாயா ஊர்ச்சபைகள் நாட்டின் சாலைகளை மறித்து, நூறு நாளுக்கு மேல் தலைநகரில் உட்கார்ந்திருந்தன. அதற்கு எந்த நோபல் பெயரும் தேவைப்படவில்லை.

நூலைப் படிக்கலாமா என்று நீங்கள் அடுத்துக் கேட்கக்கூடும். படியுங்கள். வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்: முதலில் ஆணைக்குழு அறிக்கையின் முடிவுரைகள், பிறகு மென்சூ, பிறகு ஸ்டோல். மென்சூவின் நூலில் கொலைகளைச் சொல்லும் அத்தியாயங்களுக்கு விரைந்து போய்விட வேண்டாம். குழந்தை பிறந்தால் ஊர் என்ன செய்யும், சோளம் விதைக்கும் முன் மண்ணிடம் எப்படி அனுமதி கேட்பார்கள் என்று சொல்லும் முன்பகுதியை நிதானமாகப் படியுங்கள். ஸ்டோலின் விமர்சனம் அதிகம் தொடாத பக்கங்கள் அவை.